கரடியின் கை

"நூற்றிருபது சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகள் இந்த விளையாட்டில் ஏற அனுமதி இல்லை. உயரம் காலணி இல்லாமல் அளக்கப்படும்."

இதுதான் விதி. இரண்டே வாக்கியம். முதல் வாக்கியத்தை எல்லோரும் படிக்கிறார்கள். இரண்டாவதைப் படித்தவன் அன்றைக்கு அந்த வரிசையில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு எந்தக் காகிதத்திலும் எந்தப் பலகையிலும் கடைசி வரியைத்தான் முதலில் படிக்கத் தோன்றும். வில்லங்கம் எப்போதும் அங்கேதான் குடியிருக்கும்.

இந்த விதி சரியாக அமலாக வேண்டும் என்று நான் கேட்டதால்தான் என் வீட்டில் ஒரு கோடை முழுவதும் ஒருத்தி என்னோடு பேசாமல் இருந்தாள். அவள் என் பேத்தி. ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது.

தஞ்சாவூரிலிருந்து வேன் பிடித்துப் போய் அன்றே திரும்பி வரக்கூடிய தூரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. முந்தின வருடம் மகனும் மருமகளும் பிள்ளைகள் இருவரையும் அங்கே கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே ஒரு பெரிய கப்பல். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி, ஆடுகிற ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் வானத்துக்குப் போய்த் திரும்புகிற கப்பல். அதில் மூத்தவன், என் பேரன், ஏறினான். பேத்தியை ஏற்றவில்லை. உயரம் போதவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருட காலம் எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் பேரன் அதை ஒரே வரியில் முடித்து வைத்தான்.

"நீ கப்பல்ல ஏறாதவ."

ரிமோட்டுக்குச் சண்டை, ஜன்னலோர இடத்துக்குச் சண்டை, கடைசி அப்பளத்துக்குச் சண்டை, எல்லாவற்றுக்கும் அதே தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. ஒன்பது வயதில் இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்பு எழுதுகிறவனை நான் என் சர்வீஸில் எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை.

பேத்தி வளர்ந்துவிடுவது என்று முடிவு செய்தாள். அதுவரை வாழை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்த பாலைக் குடிக்க ஆரம்பித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். தொங்கினால் உயரம் கூடும் என்று பள்ளிக்கூட வேனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாழை மரம் இளைத்தது. ஜன்னல் கம்பி ஒன்று வளைந்தது. அவள் எவ்வளவு வளர்ந்தாள் என்பதுதான் கேள்வி.

இந்த வருடம் கோடை விடுமுறைக்கு மறுபடி அதே பூங்காவுக்குப் போவது என்று முடிவானது. இந்தத் தடவை நானும் என் மனைவியும் சேர்த்து. போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பேத்தி என் முன்னால் வந்து நின்று, தன்னை அளக்க வேண்டும் என்றாள்.

அளவு என்றால் என்னிடம்தான் வர வேண்டும். வயலையும் மனையையும் அளந்து, எல்லைத் தகராறில் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்ட கை இது. இரும்பு டேப்பை எடுத்தேன். கூடத்துக் கதவு நிலையில் தரையிலிருந்து நூற்றிருபது சென்டிமீட்டர் அளந்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பத்திரப் பதிவுக்குப் போகிற மனைக்குக்கூட நான் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டதில்லை.

பேத்தி உள்ளே போய்ப் புதுப் பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ரெண்டு வருஷமாவது வர வேண்டும் என்று தையல்காரரிடம் சொல்லித் தைத்த பாவாடை. தரையைக் கூட்டிக்கொண்டு போகிற நீளம். ஓர் அளவெடுப்புக்குப் பட்டு கட்டிக்கொண்டு வருகிறாளே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நிலையோடு முதுகு ஒட்ட நின்றாள். தலைமேல் மர ஸ்கேலைப் படுக்க வைத்துப் பார்த்தேன். கோட்டைத் தொட்டது. தொட்டு, நூலளவு தாண்டியும் இருந்தது.

"பாஸா தாத்தா?"

பாஸ் என்றேன். கோட்டுக்குக் கீழே தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே வந்த என் மனைவி, "ரிட்டயர் ஆனப்புறம் கையெழுத்துப் போட இடம் கிடைக்காம கதவு நிலையில போடறாரு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பேத்தி ஓடிப் போய் அண்ணனிடம் அறிவித்தாள். அவன் தலையை நிமிர்த்தாமல், "நாளைக்குக் கரடி சொல்லட்டும்" என்றான்.

கரடி என்பது கப்பலுக்குப் போகிற வரிசையின் முகப்பில் நிற்கிற சிமெண்ட் பொம்மை. ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கை நூற்றிருபது சென்டிமீட்டரில் இருக்கிறது. குழந்தையின் தலை அந்தக் கையில் இடித்தால் கப்பலுக்கு. இடிக்காமல் குனியாமல் அடியில் போய்விட்டால் வீட்டுக்கு.

மறுநாள் விடியற்காலையில் வேன் வந்தது. என் மனைவி ஒரு பெரிய தூக்கு நிறையப் புளிச்சோறும், இன்னொன்றில் தயிர்சோறும், இலையில் கட்டிய உருளைக்கிழங்கு வறுவலுமாக ஏறினாள். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று அந்தப் பூங்காவின் நிபந்தனைகளில் இருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் வேனை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னாள். தூக்கோடு இறங்கிப் போனாள். குருக்கள்கூட இன்னும் வரவில்லை. பூட்டிய கம்பிக் கதவுக்கு முன்னால் தூக்கின் மூடியைத் திறந்து பிள்ளையாருக்குக் காட்டினாள், மூடினாள், வந்து ஏறினாள். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

பூங்கா வாசலில் பைகளைச் சோதித்தார்கள். சீருடை போட்ட காவலர் தூக்கைத் திறந்தார். புளிச்சோற்றின் வாசனை அந்த வாசல் முழுவதும் பரவியது.

"வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போக முடியாதும்மா."

"சாப்பாடு இல்ல தம்பி. பிரசாதம். பிள்ளையாருக்குப் படைச்சது." என் மனைவி ஒரு கரண்டி அள்ளி அவர் கையில் வைத்தாள். "நீங்களும் எடுத்துக்கங்க."

அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். கடலைப்பருப்பு கடிபடுகிற சத்தம் கேட்டது. பிரசாதத்தைத் தடுத்த பாவம் எனக்கு வேண்டாம் என்று தூக்கை மூடிக் கொடுத்தார். தயிர்சோறும் உருளைக்கிழங்கும் பிள்ளையார் பார்க்காதவை. அவையும் அதே ஆணையில் உள்ளே போயின. விதியை மீறாமல் அதன் பக்கத்திலேயே ஒரு சந்து போடுகிற இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளாமல் நான் ஓய்வு பெற்றது துறைக்கு நஷ்டம்.

அடுத்தது என் பை. அதில் தண்ணீர் பாட்டில், விசிறி, மாத்திரை, பிறகு இரும்பு டேப்.

"இது என்ன சார்?"

அளவு டேப் என்றேன்.

"இரும்புச் சாமான் உள்ள விட மாட்டாங்க சார். டோக்கன் வாங்கிக்கிட்டு வச்சிட்டுப் போங்க."

எதற்காக ஒரு மனிதன் பூங்காவுக்குள் டேப் கொண்டு போகிறான் என்று அவருக்குச் சந்தேகம். எதற்காக ஒரு மனிதன் டேப் இல்லாமல் எங்கேயும் போகிறான் என்று எனக்குச் சந்தேகம். டேப்பைப் பிரசாதம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று என் மனைவியைப் பார்த்தேன். அவள் அப்போதே உள்ளே போயிருந்தாள்.

அந்தப் பூங்கா இருக்கிற இடத்தை நான் ஒரு காலத்தில் அளந்திருக்கிறேன். கடைமடை நஞ்சை. வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் மேல்மடைக்காரர்கள் எல்லாரும் குடித்துவிட்டு மிச்சம்தான் இங்கே வரும். பல வருடங்களில் மிச்சம் இருக்காது. நாற்று காய்ந்துவிட்டது என்று மனுக் கொடுக்க வந்தவர்கள் நடுவே நின்றுதான் அந்தப் பக்கத்தில் அளவுச் சங்கிலி பிடித்தோம். இப்போது அதே இடத்தில் அலைக்குளம் என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். சங்கு ஊதியதும் எங்கிருந்தோ தண்ணீர் அலை அலையாக வருகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நூற்றுக்கணக்கான பேர் கூச்சல் போடுகிறார்கள். முறை வைக்கவில்லை, ஷட்டரை யாரும் ராத்திரியில் திருகவில்லை, சண்டை இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் கொண்டு வர என்ன செய்ய வேண்டும் என்று இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. நுழைவுச்சீட்டு போட்டிருக்க வேண்டும்.

இதை நான் மகனிடம் சொன்னேன். "அப்பா, ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கேன்" என்றான். கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். தானாக வருகிற பாடத்தைக் கேட்கப் பொறுமை இல்லை.

பேத்தி அலைக்குளத்தில் இறங்கவில்லை. சறுக்கு மரம், பொம்மை ரயில் எதிலும் மனம் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் வேகமாக முடித்துவிட்டுக் கப்பலுக்குப் போக வேண்டும் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள். தலையை அசைக்காமல் நடந்தாள். காரணம், தலையில் என் மனைவி அன்று போட்டு விட்டிருந்த கொண்டை. உச்சந்தலையில் செங்குத்தாக நின்றது. அதைச் சுற்றிக் கனகாம்பரம். காலில் மருமகள் புதிதாக வாங்கிக் கொடுத்திருந்த தடித்த அடியுள்ள செருப்பு. விசேஷ நாள் அலங்காரம் என்றுதான் நான் நினைத்தேன். மாமியாரும் மருமகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தால் அதன் பின்னால் திட்டம் இருக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. கரடி தெரிந்தது. பழுப்புச் சாயம் உரிந்த கரடி. ஒரு காது இல்லை. அதன் பக்கத்தில் ஓர் இளைஞர் நின்று, குழந்தைகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார். முன்னால் போன ஒரு பையன் ஷூவோடு நின்றான், தொட்டான், போனான். அடுத்தவளின் செருப்பில் விளக்கு எரிந்தது. அவளும் தொட்டாள், போனாள். பலகையின் இரண்டாவது வாக்கியம் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் முறை வந்தது. பேரன் கரடியின் கையைப் பார்த்துச் சிரித்தபடி நெற்றியில் இடித்துக்கொண்டு போனான். பேத்தி போய் நின்றாள். கொண்டை கரடியின் உள்ளங்கையில் புதைந்தது.

"தொடுது. போ பாப்பா."

அவள் முகத்தில் ஒரு வருடப் பால் முழுவதும் பிரகாசித்தது. ஒரு காலை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். செருப்போடும் கொண்டையோடும் ஏறினால், நாளைக்குப் பேரன் அதையே பிடித்துக்கொள்வான். நீ செருப்போட ஏறினவ என்பான். அது இன்னொரு வருடம் ஓடும். என் கையால் அளந்து, நூலளவு மிச்சத்தோடு பாஸானவள் அவள். அவளுக்கு வில்லங்கம் இல்லாத பட்டா கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் அண்ணன் கண் முன்னால், வரிசை முழுவதும் பார்க்க.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றேன். "செருப்பைக் கழட்டிட்டு அளங்க. போர்டுல அப்படித்தான் இருக்கு."

"பரவால்ல சார். பாப்பாதான் தொடுதே."

"நாளைக்கு ஒருத்தர் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க."

"என்னங்க, சும்மா வாங்களேன்" என்றாள் என் மனைவி, பல்லுக்கு நடுவே.

பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன். காதில், "வேணாம் தாத்தா" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். பயப்படாதே, நேற்றுத்தானே அளந்தோம் என்று தைரியம் சொல்லி, நானே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். கொண்டையை உள்ளங்கையால் அமுக்கிக் கரடிக்குக் கீழே நிறுத்தினேன்.

கரடியின் கைக்கும் அவள் தலைக்கும் நடுவே என் விரல் ஒன்று தாராளமாகப் போனது.

கப்பல் மேலே போய் வந்துகொண்டிருந்தது. மறுபடி நிறுத்தி நேராக நிற்கச் சொன்னேன். நேராகத்தான் நின்றாள். விரல் மறுபடியும் போனது.

"சார்" என்றார் அந்த இளைஞர், உண்மையிலேயே வருத்தமாக. "நான் பாட்டுக்கு விட்டிருப்பேன். இப்ப இத்தனை பேர் பாக்க நீங்களே காமிச்சுட்டீங்க. இனிமே எப்படி சார் விடறது?"

கரடி தப்பு என்றேன். இது களிமண் பூமி, கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும், பிள்ளைகள் நிற்கிற கல் இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் கரடி எழும்பியிருக்கும் என்றேன். அளந்து பார்த்துவிடலாம் என்றார் அவர், சமாதானமாக. அளக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவரிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் ஒரு டோக்கன் இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "பெரியவரே, கரடிகிட்ட அப்புறமா வாதாடலாம், பிள்ளைங்க நிக்குதுங்க" என்றார்.

பேரன் கப்பலில் போய் வந்தான். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. படி ஓரமாகப் போய்ப் பிரசாதத்தைப் பூமிக்கே திருப்பிக் கொடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து தங்கை முன்னால் நின்று, சூப்பர் என்றான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கனகாம்பரத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

வேனில் திரும்பும்போது அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலையில் நான் மேஜையில் உட்கார்ந்து மனு எழுதினேன். பெறுநர், பூங்காவின் மேலாளர். பொருள், தங்கள் வளாகத்தில் கப்பல் விளையாட்டின் முகப்பில் நிற்கும் கரடியின் கை உயரத்தை மறு அளவை செய்யக் கோருதல். வீட்டில் முறைப்படி எடுக்கப்பட்ட அளவுக்கும் கரடி காட்டிய அளவுக்கும் ஒரு விரற்கடை வேறுபாடு உள்ளதால், மனுதாரர் முன்னிலையில் கரடியை அளந்து, முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டேன். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அட்டை வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டு அனுப்பினேன்.

அதற்கும் பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெண் போன் செய்தார். எங்கள் பூங்காவில் உங்கள் அனுபவத்துக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று கேட்டார். அனுபவத்துக்கு ஸ்டார் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை, என் மனுவுக்குக் கோப்பு எண் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர், மூணு ஸ்டார் போட்டுக்கறேன் சார் என்று வைத்துவிட்டார். இரண்டாவது நினைவூட்டு அனுப்பினேன்.

வீட்டிலும் அதே நிலைமைதான். முன்பெல்லாம் சாயங்காலம் என் மொபெட்டின் முன்னால் பேத்தி நின்றுகொள்வாள். மருத்துவக் கல்லூரிச் சாலை வரை போய் ஆளுக்கு ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, வீட்டில் சொல்லாமல் வருவோம். இப்போது நான் மட்டும் போய் வந்தேன். வண்டிச் சத்தம் கேட்டால் அவள் உள்ளே போய்விடுவாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், "தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று என் எதிரிலேயே தன் பாட்டியிடம் சொன்னாள். துறை மாறி வருகிற கடிதம் மாதிரி அது சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தது.

ஒரு நாள் நானே கேட்டேன். "மறுபடி கப்பலுக்குப் போனா தாத்தாவைக் கூட்டிப் போவியா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு போய்விட்டாள். கோபம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டால் அது நிலுவை, நிராகரிப்பு அல்ல. நிலுவையில் வைத்தேன்.

"கரடிக்கு எழுதறதை விட்டுட்டுப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

"என்ன சொல்றது? நான் அளந்தது சரி."

"அது வேற, இது வேற."

நான் நினைவூட்டின் உறையை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்தது. மேட்டூர்த் தண்ணீர் வந்து, ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெருக்குக்கு முந்தின நாள் சாயங்காலம் கூரியரில் ஓர் உறை வந்தது. பூங்காவின் முத்திரை. பிரித்துப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை மனுக்களுக்குப் பிறகு வந்த உத்தரவைக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் நின்று படிப்பதில் மரியாதை இல்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் ஆற்றுக்குப் போனோம். படித்துறையில் நல்ல கூட்டம். பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். என் மனைவி காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுவிட்டு, அரசமரத்தடியில் ஜமக்காளத்தை விரித்துத் தூக்குகளைத் திறந்தாள். எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்சோறு, கூடவே அந்தப் புளிச்சோறு. இந்த முறை எல்லாமே முறைப்படி படைத்தவை. எல்லோர் இலையிலும் விழுந்த பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

தங்கள் கடிதங்கள் கிடைத்தன. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். வாடிக்கையாளரின் திருப்தியே எங்கள் நோக்கம். தங்கள் கருத்தை ஏற்றுக் கரடியின் கை ஒரு விரற்கடை இறக்கி வைக்கப்பட்டுள்ளது. தங்கள் பேத்தி அடுத்த வருகையின்போது கப்பலில் ஏறி மகிழலாம்.

மகன் கடிதத்தை வாங்கிப் பார்த்தான். "அப்பா, அளந்து பாக்கத்தானே கேட்டீங்க? அளந்ததா எங்கேயும் சொல்லலையே."

அது எனக்கும் உறுத்தியது. என் சர்வீஸில் நான் எழுதிய எத்தனையோ நியாயமான குறிப்புகள் கிடப்பில் கிடந்து கறையான் அரித்திருக்கின்றன. இது ஒன்றுதான் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. இருந்தாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். பேத்தியின் பக்கம் பார்த்தேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். "கரடி கையை உடைச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். யாரிடமும் இல்லாமல், நேராக என்னிடம். கோடையிலிருந்து அதுதான் முதல் வார்த்தை.

உடைக்கவில்லை, இறக்கியிருக்கிறார்கள் என்றேன்.

"கரடி மேல தப்பில்ல தாத்தா."

"பின்ன?"

அவள் ஜமக்காளத்திலிருந்து எழுந்தாள். அன்றும் அதே பட்டுப் பாவாடைதான். அரசமரத்தோடு முதுகை ஒட்டி நின்றாள். கொஞ்சம் உயர்ந்தாள். பிறகு பாவாடையை இரண்டு கையாலும் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். இரண்டு குதிகாலும் தரையில் இல்லை.

"அன்னிக்கு இப்படி நின்னேன். நீங்க கோட்டையே பாத்துக்கிட்டிருந்தீங்க."

முதலில் சிரித்தது மருமகள்தான். மாமனார் முன்னால் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் மனைவி பொத்திக்கொள்ளவில்லை. "தூக்குக்குண்டெல்லாம் விட்டீங்களே" என்றாள்.

அளக்கப் போகிறவன் முதலில் அடியைப் பார்க்க வேண்டும். எல்லைக்கல் அதன் இடத்தில் இருக்கிறதா, யாராவது ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் சங்கிலியை எடுக்க வேண்டும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேட்டையும் பள்ளத்தையும் காட்டி என்னை ஏமாற்றப் பார்த்த மிராசுதார்கள் உண்டு. ஒருவரும் ஜெயித்ததில்லை. அவர்களுக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

பேசாமல் இருந்தது கோபத்தால் அல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பேசினால் இதைச் சொல்ல வேண்டி வரும், சொன்னால் தாத்தா நிலையில் போட்ட கையெழுத்தை அழிக்க வேண்டி வரும் என்று நினைத்திருக்கிறாள். குதிகால் ரகசியம் தெரிந்ததால்தான் வரிசையில் வேண்டாம் என்றாள். அதையும் நான் வேறு மாதிரி பதிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முறைப்படி மறு அளவை நடந்தது. பேரனைத் தரையில் குப்புறப் படுக்க வைத்துக் குதிகாலுக்குச் சாட்சியாக நியமித்தேன். பாவாடையை அவளே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கோடை போய் ஆடி வந்திருந்ததால் வளர்ந்திருந்தாள். ஆனாலும் ஸ்கேலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு நெல்லைப் படுக்க வைக்கலாம் போலிருந்தது.

"குதிகால் ஒட்டியிருக்கா?"

"ஒட்டியிருக்கு" என்றான் பேரன், தரையிலிருந்து. பிறகு தலையைத் தூக்கி, "ஆனா இப்ப போனா இவளை ஏத்திருவாங்க. கரடி கையை இறக்கிட்டாங்கல்ல" என்றான். கொஞ்சம் யோசித்து, "இறக்கின கரடியில ஏறினவ" என்று தீர்ப்பைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அடுத்த வருடத்துக்கு அவனுக்கு அது போதும்.

பேத்தி அதைக் கேட்டாள். என்னிடம் திரும்பினாள்.

"தாத்தா, கையைத் திரும்ப ஏத்தச் சொல்லுங்க."

அவள் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்வதாக இருந்தேன். யாரோ ஒரு கிழவன் எழுதினான் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாதுகாப்புக் கையை இறக்கி வைப்பது விளையாட்டல்ல. கடிதம் போய்ச் சேரும் வரை காத்திருக்கக்கூடிய விஷயமும் அல்ல. உடனே போன் செய்தேன். ஸ்டார் கேட்ட பெண்தான் எடுத்தார்.

"சார், நீங்கதானே இறக்கச் சொன்னீங்க?"

அளக்கச் சொன்னேன், இறக்கச் சொல்லவில்லை என்றேன்.

"இப்ப எவ்வளவு சார் ஏத்தணும்?"

"முன்னாடி எங்க இருந்துதோ அங்க."

"அது எங்க இருந்துச்சுன்னு இப்ப யாருக்கும் தெரியாதே சார்."

தரையிலிருந்து நூற்றிருபது சென்டிமீட்டர், ஏற்றி முடிக்கும் வரை உங்கள் ஆளை டேப் வைத்து ஒவ்வொரு பிள்ளையாக அளக்கச் சொல்லுங்கள், செருப்பில்லாமல், குதிகாலைப் பார்த்து என்றேன். எழுதிக்கொண்டார். அதையே கடிதமாகவும் எழுத உட்கார்ந்தேன். பேத்தி எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, நான் எழுதுவதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். நிலுவையில் இருந்த கேள்வி ஞாபகம் வந்தது. கப்பலுக்குத் தாத்தாவைக் கூட்டிப் போவியா என்று மறுபடி கேட்டேன்.

அவள் கதவு நிலையைப் பார்த்தாள். கோட்டுக்கும் தன் தலைக்கும் நடுவே இருந்த அந்த ஒரு நெல்லைக் கணக்கில் எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

"பொங்கலுக்குள்ள வளந்துருவேன்" என்றாள். "அப்பப் போலாம். நீங்களும் வாங்க. ஆனா வரிசையில என் முன்னாடி நிக்காதீங்க, பின்னாடி நில்லுங்க."

சம்மதித்தேன். அன்று சாயங்காலம் மொபெட்டின் முன்னால் ஏறி நின்றுகொண்டாள். சுண்டல் வாங்கினோம். பூங்காவிலிருந்து என் கடைசிக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. நினைவூட்டு தயாராக இருக்கிறது. என் கேள்விக்கு மட்டும் பதில் வந்துவிட்டது. வரப்பெற்ற நாள், ஆடி பதினெட்டு.